கரண்ட் வந்தும் தளங்கள் திறக்கவில்லையா? கேட்வேயின் கடிகாரத்தைப் பாருங்கள்

ஹட்டனில் எங்கள் ஆபிஸ் கேட்வே, அதாவது எல்லாக் கம்ப்யூட்டரும் இணையத்துக்குப் போகும் வாசல், ஒரு பழைய மினி பிசி. தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி கேட்டுத் தரும் டிஎன்எஸ்மாஸ்க் மென்பொருளை அதில் ஏற்றி, எல்லாக் கம்ப்யூட்டரும் அதனிடமே பெயர் கேட்கும்படி செய்தது பெரிய வேலையே இல்லை. பெயர் கேட்கும் 53ஆம் போர்ட்டை லேன் (ஆபிஸ் உள்) பக்கம் யூடிபி, டிசிபி இரண்டுக்கும் திறங்கள். இணையப் பக்கம் கட்டாயம் மூடுங்கள், இல்லாவிட்டால் யாரோ உங்கள் டிஎன்எஸ்மாஸ்கை வைத்து அடுத்தவர் சர்வரைத் தாக்குவார்கள். வரும் பதில் போலியில்லை என்று கையொப்பத்தைப் பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பையும் போட்டேன், நன்றாகவே ஓடியது.

தென்மேல் பருவக்காற்று தொடங்கியதும் கரண்ட் போய்ப் போய் வந்தது. வந்த பிறகும் ஒரு தளமும் திறக்கவில்லை. கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு பிங் போகிறது, பெயர் கொடுத்தால் சர்வ்ஃபெயில், அதாவது பெயர் தேடல் தோல்வி. சம்பள நாளில் கணக்குப் பிரிவு அக்கா, "தம்பி, பேங்க் சைட் திறக்கவே மாட்டேங்குதே" என்று வந்து நிற்கிறார். இணைய நிறுவனத்துக்குப் போன் பண்ணினால், "லைன்ல ஒரு பிரச்சினையும் இல்ல சேர், ரவுட்டர ரீசெட் பண்ணுங்க." அதைக் கேட்டு பட்டனை அமுக்கிவிடாதீர்கள், இணைப்பை நேரே கேட்வேக்கு விடும் பிரிட்ஜ் செட்டிங் எல்லாம் அழிந்துபோகும்.

பெயர் தேடிப் பார்க்கும் டிக் கட்டளையில் +சிடி (சரிபார்க்காதே) சேர்த்துக் கேட்டதும் பதில் வந்தது. அப்போ கோளாறு சரிபார்ப்பில்தான். தேதியைப் பார்த்தேன், கேட்வே சில வருடம் பின்னால் நிற்கிறது! மதர்போர்ட் பேட்டரி செத்திருக்கிறது. டிஎன்எஸ்செக் கையொப்பத்துக்குத் தொடக்க நேரம், முடிவு நேரம் உண்டு. பின்தங்கிய கடிகாரத்துக்கு இன்றைய கையொப்பம் எதுவும் செல்லாது. நேரத்தைத் திருத்த, சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வரின் பெயரைத் தேட வேண்டும், அந்தப் பெயர் கிடைக்க நேரம் சரியாக இருக்க வேண்டும்.

இதற்கு வயர் வைத்த சிஆர்2032 பேட்டரி வேண்டும். டவுனில் இல்லை. கண்டியில் ஒரு கடைக்காரர் போனில் "இருக்கு, வாங்க" என்றார். பஸ் ஏறிப் போனால் கையில் தந்தது வயர் இல்லாத வெறும் பேட்டரி. ஒரு நாள் வீண், இன்னும் வயிறு எரிகிறது. போட்டோ அனுப்பி உறுதி செய்யாமல் யாரும் பஸ் ஏறாதீர்கள்.

பேட்டரி இல்லாமலே தீர்த்தேன். கடிகாரத்தைத் திருத்தும் க்ரோனி மென்பொருளில் பெயருக்குப் பதில் 162.159.200.1 என்று கிளவுட்ஃபிளேர் நேர சர்வரின் ஐபி முகவரியையே கொடுத்தேன். டிஎன்எஸ்மாஸ்கில் கையொப்பத்தின் நேரத்தை மட்டும் பார்க்காமல் விடும் டிஎன்எஸ்செக்-நோ-டைம்செக் ஆப்ஷனைப் போட்டேன். அடுத்த தடவை கரண்ட் வந்ததும் எல்லாம் தானாகத் திறந்தது, அக்காவுக்கும் நிம்மதி.

நேரம் சரியானதும் டிஎன்எஸ்மாஸ்குக்கு சிக்இன்ட் சிக்னல் அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் வையுங்கள், அதுவரை அது கையொப்பத்தின் நேரத்தைப் பார்க்காது. டிஎன்எஸ்மாஸ்க் டீபக் மோடில் (பிழை தேடும் நிலையில்) ஓடும்போது சிக்இன்ட் அனுப்பினால் அதுவே நின்றுவிடும், கவனம்.