மணிலா ரெக்கே: கிட்டாரில் இதுவரை

ஜமைக்காவில் பிறந்த ரெக்கே இசையைக் கிட்டாரில் பழக வேண்டுமென்றால் பாப் மார்லியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என்னுடன் வாசிக்கும் நண்பர்களின் கட்சி. நான் பிலிப்பைன்ஸின் பிரௌன்மேன் ரிவைவல் குழுவைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் வாசித்த சில பாடல்கள் பிறக்கும்போது ரெக்கேயே அல்ல. ‘மாலிங் அகாலா’ ஈரேசர்ஹெட்ஸ் குழு 1993இல் தன் முதல் ஆல்பத்தில் வெளியிட்ட பாடல். 2005இல் அக்குழுவைக் கௌரவித்து வந்த தொகுப்பில் பிரௌன்மேன் ரிவைவல் அதை ரெக்கேயாக்கியது. ‘இக்காவ் அங் ஆக்கிங் மஹால்’ இன்னும் பழையது. 1970களில் மணிலா சவுண்ட் என்ற பிலிப்பைன்ஸ் பாப் இசைப் பாணி கொடிகட்டிப் பறந்த காலத்து வி.எஸ்.டி. அண்ட் கம்பெனியின் பாடல். மூலத்தையும் புது வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்பதைவிட நல்ல பாடம் கிடையாது.

முதலில் வலது கை. தாளத்தின் நான்கு தட்டுகளில் இரண்டாவதிலும் நான்காவதிலும் மட்டும் கிட்டார் ஒலிக்க வேண்டும். மெல்லிய மூன்று நான்கு கம்பிகளே போதும். அடித்த மறுகணம் இடது கை விரல்கள் பிடியைத் தளர்த்திக் கம்பியின் ஒலியை அடக்கிவிட வேண்டும். திறந்த கம்பிகள் அடங்காமல் ரீங்கரிக்கும் என்பதால் எல்லாக் கார்டுகளையும் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளையும்) ஒரு விரலைக் கம்பிகளின் குறுக்கே அழுத்தும் பார் கார்டாகவே பிடிக்கிறேன். ஆம்ப்ளிஃபயரில் டிஸ்டார்ஷன் அறவே இல்லை, எதிரொலி கொஞ்சம்.

கை படிந்த பிறகும் தாளம் படியவில்லை. பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் டிரம் வாசித்த கார்ல்டன் பாரெட் புகழ்பெறச் செய்த ‘ஒன் டிராப்’ முறையில் முதல் தட்டில் டிரம் அடி இறங்காது. கனமான அடி மூன்றாவதில்தான். ராக் கேட்டு வளர்ந்த கால் முதல் தட்டுக்கே தரையை உதைக்கிறது. தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமை மூன்றாவது தட்டுக்கு மட்டும் ஒலிக்கவைத்து, மற்ற மூன்றையும் மனத்துக்குள் எண்ணிப் பழகினேன். சலிப்பூட்டும் பயிற்சிதான், ஆனால் பலன் தந்தது இது ஒன்றே.

இதற்கு மேல் வந்த சிக்கல் பாப் இசையிலிருந்து வந்தது. இரண்டே கார்டுகளில் நாள் முழுக்க உலாவும் ரெக்கே பாடல்கள் ஏராளம். மணிலாவின் பாப் மெட்டுகளோ கார்டுகளை அடிக்கடி மாற்றிக்கொண்டே போகும். இரண்டு தட்டுக்கு ஒரு கார்டு என்றால், ஒரு கார்டுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வெட்டு, அதாவது ஒரு குறுகிய அடி. அதுவும் உடனே அடங்க வேண்டும். அந்த ஒற்றை வெட்டில் கார்டின் நிறம் தெரிந்தாக வேண்டும். முழுப்பிடியை விட்டுவிட்டு, மெல்லிய மூன்று கம்பிகளில் பக்கத்துப் பக்கத்து வடிவங்களாகப் பிடித்ததும் கை ஓட்டம் பாதியாகக் குறைந்தது, பாட்டும் நடந்தது. பிலிப்பைன்ஸ் ரெக்கேயின் ருசியே இங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: நீண்டு இழையும் காதல் மெட்டு மேலே, கஞ்சத்தனமான தாளம் கீழே.

‘மாலிங் அகாலா’வை இப்போது பாடகருடன் சேர்ந்து தடங்கலின்றி வாசிக்க முடிகிறது. ‘இக்காவ் அங்’ இன்னும் வேகம் கூடினால் தடுமாறுகிறது. வெட்டுகளுக்கு இடையே குமிழியிடும் ஆர்கனுக்கு ஒரு கீபோர்டு நண்பரைப் பேசிவைத்திருக்கிறேன். அவர் வருவதற்குள் பேஸ் கிட்டார் வரிகளை எழுதி முடிக்க வேண்டும்.