கமக்கார அமைப்பின் மடிக்கணினிக்கு ஒஃபிஸ் தேடியது

எங்கள் கமக்கார அமைப்பிடம் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. வவுனிக்குளத்து நீர் பாயும் வயல்காரர்களின் பெயர்கள், அடையாள அட்டை இலக்கங்கள், வங்கிக் கணக்கு இலக்கங்கள், யாருக்கு எத்தனை ஏக்கர், வாய்க்கால் துப்புரவுக்கு யார் காசு கட்டினார், யார் இன்னும் இழுத்தடிக்கிறார் என்பதெல்லாம் அதற்குள்தான். செயலாளர் என்பதால் அதைத் தூக்கித் திரிவது என் வேலை. உர மானியப் பட்டியலைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொடுக்க வேண்டிய நேரம் பார்த்து, எக்செலின் மேற்பகுதியில் ஒரு பட்டை வந்து நின்றது. இந்தப் பிரதிக்கு உரிமம் இல்லை என்றது. பட்டியலைப் பார்க்கலாம், ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது.

கணினியை வாங்கியபோது கடையில் “எல்லாம் போட்டுத் தந்திருக்கிறோம்” என்று சொல்லியிருந்தார்கள். இங்கே யார் கணினி வாங்கினாலும் அப்படித்தான் சொல்வார்கள். வேர்டும் எக்செலும் அடங்கிய மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸுக்கென்று தனியாகப் பணம் கொடுத்த ஒருவரை எங்கள் பக்கத்தில் நான் கண்டதில்லை.

மாங்குளத்தில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். “ஐந்நூறு ரூபா தாருங்கள் அக்கா, இருந்து வாங்கிக்கொண்டே போகலாம்” என்றார். என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதலில் வைரஸ் காவலை நிறுத்துவாராம். அது இயங்கினால் அவருடைய கருவியை உள்ளே விடாதாம். அந்த இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளுக்கும் பொருந்தும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஊரிலுள்ள அத்தனை பேருடைய வங்கிக் கணக்கு இலக்கமும் இருக்கும் கணினியில், காவலை நிறுத்திவிட்டு யார் எழுதியதென்றே தெரியாத ஒன்றை ஏற்றுவதா? நாளைக்கு ஒருவருடைய மானியப் பணம் காணாமற் போனால், கேள்வி கேட்டு என் வீட்டுப் படலைக்குத்தான் வருவார்கள்.

அந்தமுறை பட்டியலை அவருடைய கடைக் கணினியிலேயே திருத்தி அச்செடுத்துக் கொடுத்தேன். பிறகுதான் ஆற அமர விசாரிக்கத் தொடங்கினேன்.

முதலில் பார்த்தது மைக்ரோசொஃப்ட் 365 எனப்படும் சந்தா முறை. மாதத்துக்கோ வருடத்துக்கோ கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேர்ட், எக்செல் எல்லாம் எப்போதும் புதிய பதிப்பாகவே கிடைக்கும். கோப்புகளை இணையத்தில் சேமிக்க ஒரு டெராபைட் இடமும் உண்டு. ஒருவருக்கான திட்டத்தின் அமெரிக்க விலை நெடுங்காலம் வருடத்துக்கு 69.99 டொலராக இருந்தது. 2025 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவு உதவியாளரையும் சேர்த்து 99.99 டொலராக்கினார்கள். அந்த உதவியாளரால் எங்கள் வாய்க்காலுக்கு என்ன பயன் என்று பொருளாளர் அண்ணை கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதுவும் அது வீட்டுப் பாவனைக்கான திட்டம். அமைப்புகளுக்கும் தொழிலுக்கும் வேறு திட்டங்கள் இருக்கின்றன.

விலையைவிட எனக்கு அச்சம் தந்தது, விலை டொலரில் இருப்பது. 2022 மார்ச்சுக்கு முன் ஒரு டொலர் 200 ரூபா அளவில் நின்றது. சில வாரங்களுக்குள் 350ஐத் தாண்டியது. மறுபக்கத்தில் நிறுவனம் விலையை ஏற்றாமலே இருந்தாலும், இந்தப் பக்கத்தில் எங்களுக்கு ஏறிவிடும். எங்கள் வரவு மாதாந்தம் வருவதில்லை. காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகு ஒரு தடவை, சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இருந்தால் இன்னொரு தடவை. தண்ணீர் இல்லாத வருடத்தில் சிறுபோகமும் இல்லை, சந்தாப் பணமும் இல்லை.

அதற்கும் மேலே ஒரு சிக்கல் இருந்தது. அமைப்பின் வங்கிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரும் பொருளாளரும் கையொப்பமிட வேண்டும். அந்தக் கணக்குக்கு அட்டை கிடையாது. இணையத்தில் சந்தா கட்ட யாராவது ஒருவருடைய சொந்த அட்டையும் சொந்த மின்னஞ்சலும் வேண்டும். பொருளாளர் அண்ணையின் மகன் தன் அட்டையைத் தர ஆயத்தமாகத்தான் இருந்தான். ஆனால் அவன் கனடாவுக்குப் போக விண்ணப்பித்துக்கொண்டிருப்பவன். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறினால் அந்தக் கணக்கு யாருடையது? அவன் கட்டாமல் விட்டால் ஒஃபிஸ் முடங்கும். கோப்பைத் திறக்கலாம், அச்சிடலாம், திருத்தவோ புதிதாக எழுதவோ முடியாது. திருட்டுப் பிரதி எங்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியதோ, சந்தா நின்றுபோனாலும் அதே இடத்தில்தான் நிற்போம். சந்தாவை நான் ஒதுக்கியதற்குப் பணத்தைவிட இதுவே பெரிய காரணம். ஓர் அமைப்பின் ஏடுகளைத் திறக்கும் உரிமை தனி ஒருவருடைய அட்டையில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

ஒரே தடவை பணம் கொடுத்து வாங்குவதும் உண்டு. ஒஃபிஸ் 2024 என்று 2024 ஒக்டோபரில் வெளிவந்தது. தொழில் பாவனைக்கும் அனுமதிக்கும் ‘ஹோம் அன்ட் பிஸ்னஸ்’ பதிப்பின் அமெரிக்க விலை 249.99 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 75,000 ரூபா. நாங்கள் கணினிக்குக் கொடுத்ததே அவ்வளவு இல்லை. ஒரு கணினிக்குத்தான் உரிமம். அடுத்த பதிப்பு வந்தால் அது இதற்குள் வராது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 ஒக்டோபர் வரை. அதன் பின்னும் இயங்கும், ஆனால் ஓட்டையை அடைக்க ஆள் இல்லை. 2016, 2019 பதிப்புகளுக்கு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அந்த ஆதரவு முடிந்துவிட்டது. தலைவர் ஐயா இந்த வழியைத்தான் விரும்பினார். காசைக் கொடுத்தோம், பொருள் எங்களுடையது என்பது அவருடைய கணக்கு. அது நியாயமான கணக்கு. கையில் 75,000 ரூபா இருந்திருந்தால் நானும் ஆமென்றிருப்பேன். ஆனால் அந்த வருடம் உடைந்த மதகு ஒன்றும் திருத்தக் காத்திருந்தது.

முகநூலில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாவுக்கு ‘வாழ்நாள் உரிமம்’ என்று விளம்பரங்கள் வரும். பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த இலக்கங்களைப் பிரித்து விற்பதுதான் அவற்றில் பெரும்பாலானவை. நிறுவனம் கண்டுபிடித்து முடக்கிவிட்டால் விற்றவரின் பக்கமும் காணாமற் போயிருக்கும். அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

மிஞ்சியவை இலவசமானவை. கூகுள் ஷீட்ஸ் நல்லது. கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம், கணக்கொன்றுக்கு 15 ஜிகாபைட் இடமும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் சிக்னல் வேண்டுமென்றால் மாமரத்தடிக்குப் போக வேண்டும். மழை நாளில் மாமரத்தடியும் உதவாது. வேர்டையும் எக்செலையும் இணைய உலாவியில் இலவசமாகப் பாவிக்கலாம் என்றார்கள். அதற்கும் அதே மாமரம். டபிள்யூபிஎஸ் என்ற இலவச மென்பொருள் பார்ப்பதற்கு வேர்டைப் போலவே இருந்தது, விளம்பரங்களோடு. கடைசியில் லிப்ரே ஒஃபிஸுக்கு வந்தேன்.

ஓபன் ஒஃபிஸ் என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிலிருந்து 2010இல் பிரிந்து வந்ததுதான் லிப்ரே ஒஃபிஸ். ஜெர்மனியில் பதிவான ‘த டொகியூமென்ட் பவுண்டேஷன்’ என்ற அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. பழைய ஓபன் ஒஃபிஸும் இன்னும் கிடைக்கிறது, ஆனால் அதில் திருத்தங்கள் மெதுவாகவே வருகின்றன. புதிதாகப் போடுபவர் லிப்ரேயைப் போடுவதே நல்லது. பொருளாளர் அண்ணைக்கு இலவசம் என்ற சொல்லிலேயே சந்தேகம். “சும்மா தருகிறவன் எதற்காகத் தருகிறான் பிள்ளை?” என்றார். தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள், அதை வைத்துச் சேவை விற்கும் நிறுவனங்களும் ஆட்களை வைத்து எழுதுவிக்கின்றன, விரும்பியவர்கள் நன்கொடை கொடுக்கிறார்கள், மூலநிரலை யாரும் பார்க்கலாம் என்று சொன்னேன். சிரமதானத்தில் குளக்கட்டுத் திருத்துவது போல என்றதும் அவருக்கு விளங்கியது. ஆனாலும் முழுதாக நம்பினாரா என்பது வேறு.

கொமியூனிகேஷன் கடைத் தம்பியே அதை இறக்கி என் பென் டிரைவில் போட்டுத் தந்தார். சில நூறு மெகாபைட்தான். வீட்டுக்கு வந்து இணையம் இல்லாமலே நிறுவினேன். உரிம இலக்கமோ பதிவோ மின்னஞ்சலோ எதையும் கேட்கவில்லை. வேண்டுமென்றால் அதன் மெனுக்களையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

எக்செல் பட்டியல்கள் அப்படியே திறந்தன. கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருந்தன. நேரத்தைத் தின்றது தமிழ்தான். எங்கள் யாப்பும் பழைய கூட்ட அறிக்கைகளும் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. பாமினியைக் கணினியில் நிறுவாத வரை அவை ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரிந்தன. நிறுவியதும் தமிழ் வந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லின் கீழும் சிவப்புக் கோடு. கணினியைப் பொறுத்தவரை பாமினி என்பது வேறு வடிவம் போட்ட ஆங்கில எழுத்துத்தானே. பிழையான ஆங்கிலம் என்று கோடு போடுகிறது. அதைவிட வேடிக்கை, வசனத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தம். பாமினியில் சிறிய எழுத்து ‘அ’ என்றால் அதே விசையின் பெரிய எழுத்து ‘ஆ’. ‘க’ என்றால் ‘கு’. நான் ‘அமைப்பு’ என்று தொடங்கினால் அது ‘ஆமைப்பு’ என்று திருத்தியது. ‘கமக்காரர்’ எல்லாம் ‘குமக்காரர்’ ஆனார்கள். வேர்டிலும் இதே தொல்லை உண்டு. கடைகளில் முன்பே அதை நிறுத்தி வைத்திருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. தானியங்கித் திருத்த அமைப்புகளுக்குள் போய் முதலெழுத்து மாற்றத்தையும், தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்து வந்தால் திருத்துவதையும் நிறுத்திவிட்டேன். அந்த ஆவணங்களுக்கு எழுத்துப்பிழை சோதனையையும் நிறுத்தினேன். ஆமை போய்விட்டது.

கணினி தமிழென்றே அறிந்துகொள்ளும் யூனிகோட் தமிழுக்கு இன்னொரு விடயம். லிப்ரே ஒஃபிஸ் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவையும், தமிழ், சிங்களம் போன்றவற்றுக்கு வேறோர் எழுத்துருவையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. அளவும் தனித்தனி. இது தெரியாவிட்டால் ஒரே கடிதத்தில் யூனிகோட் பெரிதாகவும் பாமினி சிறிதாகவும் நின்று கண்ணைக் குத்தும். லிப்ரேயின் அமைப்புகளில், வேர்டுக்கு ஈடான ‘ரைட்டர்’ பகுதியின் அடிப்படை எழுத்துருக்களுக்குள் ஒரு தடவை சரிசெய்து வைத்தால் போதும்.

சேமிப்பதிலும் கவனம் வேண்டும். தன் விருப்பத்துக்கு விட்டால் அது ஓடிஎஃப் என்ற திறந்த வடிவத்தில் சேமிக்கும். 2006 முதல் அது சர்வதேசத் தரம்தான். ஆனால் எங்கள் அலுவலகங்களில் அதைக் கண்டால் “இது திறக்கவில்லை” என்று திருப்பி அனுப்புவார்கள். எப்போதும் எக்செல், வேர்ட் வடிவிலேயே சேமிக்கும்படி மாற்றினேன். கடிதங்களை பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறேன். எழுத்துருவும் அதற்குள்ளேயே போய்விடுவதால், பாமினி இல்லாத கணினியிலும் கடிதம் தமிழாகவே திறக்கிறது.

பட்டியல் எழுதும் எல்லோருக்கும் ஒன்று, எந்த மென்பொருளானாலும். அடையாள அட்டை இலக்கத்துக்கும் வங்கிக் கணக்கு இலக்கத்துக்குமான நிரல்களைத் தட்டச்சு செய்ய முன்னரே ‘எழுத்து’ வகைக்கு மாற்றிவிடுங்கள். எண் என்று விட்டால் பூச்சியத்தில் தொடங்கும் கணக்கு இலக்கத்தின் பூச்சியம் பறந்துவிடும். புதிய அட்டையின் 12 இலக்க எண்ணை எக்செல் சுருக்கி, புள்ளியும் அடுக்குமாகக் காட்டும். பணம் வங்கியிலிருந்து திரும்பி வரும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

இதைக் கேட்டு மல்லாவியில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் என் மச்சாளும் லிப்ரேக்கு மாறப் புறப்பட்டாள். வேண்டாம் என்று மறித்தேன். அவளிடம் வருவது பிறர் வேர்டில் செய்த சுயவிபரக் கோவைகள். கலிப்ரி எழுத்துரு என்றால் அதே அகலமுள்ள மாற்று எழுத்துரு லிப்ரேயில் இருக்கிறது. இப்போது வேர்டில் இயல்பாக வரும் அப்டோஸுக்கு அப்படியொன்று இல்லை. வரிகள் நகர்ந்து, ஒரு பக்கக் கோவை இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியோடு முடிந்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அவளுக்கு அந்த 75,000 ரூபா தொழிற்செலவு. ஒரு வருடத்தில் உழைத்துவிடலாம். அவள் ஒரே தடவை வாங்குவதற்குக் காசு சேர்க்கிறாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் தங்களுடைய நிறுவன மின்னஞ்சலுக்கு ஒஃபிஸ் இலவசமாகக் கிடைக்கிறதா என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். பணம் கட்டுவது அதற்குப் பிறகு.

எங்களிடம் தீராமல் நிற்பது ஒன்றுதான். ஓர் அலுவலகம் அனுப்பிய படிவத்தில் பொத்தானை அழுத்தினால் தானே நிரம்பும்படி மெக்ரோ என்ற சிறு நிரல் எழுதியிருந்தார்கள். லிப்ரேயில் அந்தப் பொத்தான் அசையவில்லை. எக்செலின் மெக்ரோக்கள் எல்லாம் இதில் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. பொத்தான் இல்லாத படிவம் தரும்படி கேட்டு, தலைவர் ஐயாவின் கையொப்பத்தோடு கடிதம் அனுப்பினேன். சில நாளில் வட்ஸ்அப்பில் பதில் வந்தது: அதே படிவம், அச்சடித்துப் படம்பிடித்தது. இப்போது அதை மட்டும் பேனாவால் நிரப்பிக் கொடுக்கிறோம்.