பாராட்டி மனு கொடுத்தேன், மெமோ வந்தது

மனுவின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அத்தனை வினைக்கும் காரணம் அதன் மூன்றாவது வரி: "மருத்துவர் வருவதற்கு முன்பே செவிலியர் துணிந்து மருந்து ஏற்றி என் தாயாரின் உயிரைக் காப்பாற்றினார்." கண் கலங்கி எழுதிய வரி அது. அந்த வரிக்காகவே அந்தச் செவிலியர் மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

2022 நவம்பரில் நடந்தது. சம்பா வயலில் களையெடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் வரப்பில் வந்த அம்மாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். சிஸ்டரும் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவும் மட்டும் இருந்தார்கள். மழையில் மின்சாரம் போயிருந்தது. இன்வெர்ட்டர் பிரசவ அறைக்கு மட்டும்தான்.

சிஸ்டர் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு ஜன்னல் திட்டில் நிறுத்தினார். "இருபது நிமிடம் யாரும் இதைத் தொடக் கூடாது." நான் கத்தினேன்: மருந்தைப் போடாமல் என்ன வேடிக்கை? அவர் குரல் உயரவில்லை. "இந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது அண்ணா. விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்." நேரம் ஆனதும் குழாயைச் சாய்த்தார். உறைந்து நிற்க வேண்டிய ரத்தம் டிக்காஷன் மாதிரி ஓடியது. உடனே டாக்டருக்குப் போன். பத்துக் குப்பி ஆரம்பியுங்கள், வந்துகொண்டே இருக்கிறேன் என்றார் டாக்டர். பொடியாக இருக்கும் அந்த மருந்தில் தண்ணீரைச் செலுத்தி, ஒவ்வொரு குப்பியையும் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். குலுக்கினால் நுரைத்துவிடுமாம். அக்கா ஒரு கையில் செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அம்மாவின் காலை அசையாமல் பிடித்திருந்தார். டாக்டர் நனைந்துகொண்டே உள்ளே வந்தபோது பாட்டில் பாதி இறங்கியிருந்தது. அதன் பிறகு 108, மாவட்டத் தலைமை மருத்துவமனை, ஐந்து நாள். அம்மா நடந்து வீட்டுக்கு வந்தார்.

இப்படிப்பட்டவருக்கு ஊரில் கூட்டம் போட்டு அரைப் பவுன் மோதிரம் போட வேண்டும் என்றார் மாமா. சிஸ்டர் பதறிவிட்டார். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 என்று ஒன்று இருக்கிறது, அனுமதி இல்லாமல் பரிசு வாங்கினால் வேலைக்கே வேட்டு. "செய்தே ஆக வேண்டுமென்றால் எங்கள் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் அண்ணா, போதும்."

மேலதிகாரி என்றால் வட்டார மருத்துவ அலுவலர். எனக்கோ கலெக்டரை விட்டால் வேறு அதிகாரியே கண்ணில் படவில்லை.

திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்றேன். பதிவு செய்யும் இடத்தில், "என்ன குறை?" குறை ஒன்றும் இல்லை, பாராட்டு என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். திரையில் பட்டா இருக்கிறது, முதியோர் உதவித்தொகை இருக்கிறது, பாராட்டுக்கு இடமில்லை. "மருத்துவம், இதர" என்று தட்டி ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். கலெக்டர் படித்துப் புன்னகைத்து, பச்சை மையில் ஏதோ எழுதி அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரே பெருமிதம்.

மூன்று வாரம் கழித்து சிஸ்டர் அழைத்தார். "மனுவில் என்ன எழுதினீர்கள் அண்ணா?"

மெமோவைப் பிறகு பார்த்தேன். பணி நேரத்தில் மருத்துவர் இல்லாதது ஏன்? யாருடைய உத்தரவின் பேரில் விஷமுறிவு மருந்து செலுத்தப்பட்டது? ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும். என் மனுவை யாரோ ஒருவர் புகார் மனுவாகவே படித்திருக்கிறார். எழுதிய நானே திரும்பப் படித்தபோது, அப்படித்தான் இருந்தது. மருத்துவர் வருவதற்கு முன்பே. துணிந்து. இந்த இரண்டு போதாதா? நம் காகிதத்தில் ஒருவரை உயர்த்தி எழுதும் ஒவ்வொரு வரியும் பக்கத்திலிருக்கும் இன்னொருவர் மேல் குற்றச்சாட்டாகிறது. பாராட்டுக் கடிதம் எழுதுகிறவர்கள் தயவுசெய்து 'தனியாளாக', 'தன் பொறுப்பில்', 'யாரும் இல்லாதபோது' என்ற சொற்களின் பக்கமே போகாதீர்கள்.

"17ஏ ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகாது என்று டாக்டர் சொல்கிறார்," என்றார் சிஸ்டர். போய்விடுமோ என்ற பயம் குரலில் தெரிந்தது. 2015-இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, வருடக்கணக்கில் காத்திருந்து, முந்தைய ஆண்டுதான் காலமுறை ஊதியத்துக்கு வந்தவர் அவர்.

மறுநாளே மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு ஓடினேன். அந்தப் பிரிவு உதவியாளர் விடுப்பு. இரண்டாம் முறை போனபோது, தபாலில் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். மூன்றாம் முறை ஆளைப் பிடித்துவிட்டேன். மனுவைத் திரும்பப் பெற வந்திருக்கிறேன் என்றதும், "புகாராக இருந்தால்தானே திரும்பப் பெற முடியும்? இது பாராட்டு மனுவாயிற்றே" என்றார். பாராட்டு மனுவுக்கு எதற்கு விளக்கம்? "கலெக்டர் அலுவலகத்திலிருந்து மனு வந்தால் அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை அனுப்ப விளக்கம் வேண்டும்." கோபத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. நான் எழுந்து போகும்போது கூப்பிட்டு, "அன்றைய கேஸ் ஷீட்டில் டாக்டர் போனில் சொன்னது பதிவாகியிருக்கிறதா, அதை முதலில் பாருங்கள்" என்றார்.

பதிவாகியிருந்தது. "இரவு 7.52. மருத்துவ அலுவலரிடம் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. 10 குப்பி தொடங்க அறிவுரை." செல்போன் வெளிச்சத்தில் எழுதியதால் வரிகள் கோணலாக ஏறி இறங்கின. என் தாயின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த நேரத்தில், கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தோடு எழுதி வைத்திருக்கிறார். டாக்டரும் அதை உறுதிப்படுத்திக் கடிதம் கொடுத்தார். விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். வாய்மொழியை நம்பியது என் அடுத்த தவறு.

இந்தக் கூத்தில் 2023 ஜனவரி 26 கடந்துவிட்டது. குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் கலெக்டர் கையால் கொடுக்கும் நற்சான்றிதழுக்குப் பெயர்ப் பட்டியல் துறை வழியாகத்தான் போக வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். வெளியாள் மனு கொடுத்து வாங்கித்தர முடியாது. பயனாளி செய்யக்கூடியது, வட்டார மருத்துவ அலுவலருக்கு நடந்ததை நேரம், தேதியோடு எழுதிக் கொடுப்பது மட்டுமே. பரிந்துரைப்பது அவர் வேலை. ஆகஸ்டுக்கு ஜூலையில் ஓடினால் தாமதம். நான் மே மாதமே கொடுத்துவிட்டேன். ஒரே பக்கம். டாக்டர், சிஸ்டர், துப்புரவுப் பணியாளர், மூவரும் சேர்ந்து என்று கவனமாக எழுதினேன்.

ஜூனில் மறுபடி ஒரு முட்டுக்கட்டை. ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்று சான்று வேண்டும். பார்த்தால், அந்த விளக்கக் கோப்பு முடிக்கப்படாமலேயே கிடக்கிறது! நானே கட்டிவிட்ட மணி, நானே அவிழ்க்க வேண்டும். நேரில் கேட்டால் "பார்க்கிறோம்" என்ற பதில்தான். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டேன். மனு எண்ணைக் குறிப்பிட்டு, கோப்பின் தற்போதைய நிலை என்ன, முடிக்கப்பட்டிருந்தால் உத்தரவின் நகல் தருக என்ற இரண்டே கேள்விகள். ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று தள்ளிவிட வழி கிடைக்கும். சட்டப்படி முப்பது நாள் கெடு. இருபத்தெட்டாவது நாள் பதில் வந்தது: "விளக்கம் ஏற்கப்பட்டு மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது." உத்தரவில் தேதி முந்தைய வாரத்துத் தேதி. என் கேள்வி போன பிறகுதான் கோப்பை முடித்திருக்கிறார்கள்! இருக்கட்டும்.

ஆகஸ்ட் 15 காலை சிஸ்டர் சான்றிதழ் வாங்கினார். பந்தல் ஓரத்தில் நின்று பார்த்தேன். முழுதாக அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பட்டியலில் அக்காவின் பெயர் இல்லை. ஒப்பந்த நிறுவனத்தின் ஆளாம், அரசு ஊழியர் இல்லையாம். இதற்குச் சுகாதாரத் துறையில் வழியே கிடையாது என்று தெரிந்ததும், ஊராட்சித் தலைவரிடம் போனேன். அன்றைக்கே கிராம சபையும் உண்டு. பாராட்டுத் தீர்மானம் போட அவர் மறுப்புச் சொல்லவில்லை. ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தை விரித்து, "பெயர்?" என்றார். நான் விழித்தேன். ஒன்பது மாதமாக எல்லாக் காகிதத்திலும் 'துப்புரவுப் பணியாளர்' என்றே எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, பெயரும் தகப்பனார் பெயரும் கேட்டு எழுதவைத்தோம். கை தூக்கி நிறைவேறியது.

அக்கா அன்றும் பணியில் இருந்ததால் கிராம சபைக்கு வரவில்லை. தீர்மான நகலில் முத்திரை வாங்கி மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மெல்ல எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். மடித்து இடுப்பில் செருகப் போனவர் நிறுத்திக் கேட்டார்:

"தம்பி, இதைக் காண்பித்தால் கான்ட்ராக்டர் இரண்டு மாதச் சம்பள பாக்கியைக் கொடுத்துவிடுவாரா?"