வெந்நீர் 6 முதல் 9 வரை

டிசம்பர் 22, மேட்டுப்பாளையம்

மலை ரயில் வெயிட்டிங் லிஸ்ட் அசையவில்லை. காலை 7:10 வண்டி. டிக்கெட் கிடைத்தாலும் நம்ப முடியாத மாதம் இது. ராத்திரி மழை வலுத்தால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் தண்டவாளத்தில் மண்ணும் பாறையும் சரியும், விடிந்ததும் ரத்து என்பார்கள். குன்னூர் வரை பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ஊட்டிக்கு ரயில் பிடிப்பதுதான் வசதி. அந்தத் துண்டில் நாளுக்குச் சில வண்டிகள் ஓடுகின்றன. பல்சக்கரமும் நீராவி எஞ்சினும் கிடைக்காது, கேத்திப் பள்ளத்தாக்கு கிடைக்கும்.

சொந்தக் காரில் வருபவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது இல்லை. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்களை இங்கேயே குடித்து முடித்துவிட வேண்டும், மேலே தடை. ஸ்டீல் பாட்டில் போதும்.

டிசம்பர் 23

வாந்தி மாத்திரையைக் கல்லாறு தாண்டிப் போட்டுப் பயனில்லை. பஸ் ஏறுவதற்கு முக்கால் மணி முன்னால் போட வேண்டும். இரண்டு இட்லி, எண்ணெய்ப் பலகாரம் எதுவும் கூடாது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஜன்னலோர சீட். கடைசி வரிசை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஆளைத் தூக்கி வீசும்.

டிசம்பர் 24, குன்னூர்

"வேலி வியூ" அறையாம், பள்ளத்தாக்கு தெரியுமாம். ஜன்னலைத் திறந்தால் வெள்ளை. ஜன்னலை மூடினாலும் சட்டத்து இடுக்கு வழியாக அதே வெள்ளை உள்ளே வருகிறது.

வடகிழக்குப் பருவமழை நீலகிரியின் கிழக்குச் சரிவுக்கு உரியது. கூடலூரும் தேவாலாவும் ஜூனிலிருந்தே தென்மேற்கில் நனைந்து முடித்திருக்க, குன்னூரும் கோத்தகிரியும் இப்போதுதான் நனைகின்றன. ஆகவே இந்த வாரம் இங்கே அறை பார்க்கப் போகிறவர் வியூவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஈரத்தைப் பார்க்க வேண்டும். விரிப்பைத் தூக்கி மெத்தையில் புறங்கையை அழுத்தி வைக்க வேண்டும். குளிர்ச்சி மட்டும் என்றால் கொஞ்ச நேரத்தில் கைச்சூட்டுக்கு இளகும், ஈரம் இளகாது. தலையணையை முகர்ந்து பார்க்க வேண்டும். கட்டிலை ஒரு சாண் நகர்த்தி, சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, கறுப்புப் புள்ளி படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை ஈரத்தைக் குடித்தால் ஒரு நாள் வெயிலாவது வேண்டும். அந்த வெயில்தான் இங்கே இல்லை.

இன்னொன்று. மலையில் லாட்ஜ்கள் சரிவை வெட்டிக் கட்டியவை. சாலை மட்டத்தில் நுழைந்தால் ரிசப்ஷன், அதற்குக் கீழேயும் ஒரு மாடி இருக்கும். அந்தக் கீழ்மாடிப் பின்னறைகளின் ஒரு சுவருக்குப் பின்னால் நேராக மலை மண். என்ன பெயின்ட் அடித்தாலும் நீர் கசியும். மேல் மாடி, கிழக்கு ஜன்னல் கேட்க வேண்டும். கேட்டேன். "எல்லாம் புக்காயிடுச்சு சார்."

டிசம்பர் 25

அப்பாவுக்கு இரண்டு மணியிலிருந்து இழுப்பு. உட்கார்ந்தே விடிந்தது. பத்து மணிக்கு மேல்மாடியில் ஓர் அறை திடீரென்று காலியாக இருந்தது.

டிசம்பர் 26

வெந்நீர் 6 முதல் 9 வரை என்று போர்டு. 7:20க்குப் பச்சைத் தண்ணீர். "சோலார் சார், வெயிலே இல்ல சார்" என்கிறான் பையன். பொய் இல்லை. மூடுபனியில் கூரைத் தொட்டி பேருக்குத்தான் சூடாகும். அறைக்குள்ளேயே கீசர் இருக்கிறதா, எத்தனை லிட்டர் என்று கேட்டுவிட்டுத்தான் பையை இறக்க வேண்டும். 15 லிட்டர், 2000 வாட் கீசர் சமவெளியில் 28 டிகிரித் தண்ணீரை 45 டிகிரி ஆக்க ஒன்பது நிமிடம் எடுக்கும். இங்கே தண்ணீரே 12 டிகிரி, பதினேழு நிமிடம். நன்றாக 60 வரை ஏற்றிப் பச்சைத் தண்ணீர் கலந்தால் குளிக்கும் சூட்டில், 40 டிகிரியில், 25 லிட்டர் தேறும், ஒரு பெரிய வாளியும் கொஞ்சமும். அதனால் மூன்று பேர் குளிக்கிற வீட்டில் நடுவில் அரை மணி நேரம் விட வேண்டும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் மாட்டியிருந்தால் அறையே வேண்டாம். 3000 வாட்டில், நிமிடத்துக்கு மூன்று லிட்டர் விட்டால் 14 டிகிரிதான் கூடும். 12 போட்டால் 26. அது வெந்நீர் இல்லை.

டிசம்பர் 27, ஊட்டி

அருவங்காடு தாண்டியதும் வானம் திறந்துவிட்டது. நல்ல வெயில். அப்பா கேத்தியில் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

வானம் திறந்தால் ராத்திரி உறைபனி. மேகம் இல்லாத, காற்று அடிக்காத இரவில் தரை தன் சூட்டை மேலே விட்டுவிடும், குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல், ரேஸ் கோர்ஸ் புல்லெல்லாம் காலையில் வெள்ளை. ஏரிக்கரை லாட்ஜைவிட மேட்டிலுள்ளது இரண்டொரு டிகிரி இளஞ்சூடு. படகு இல்லம் பக்கத்தில் என்று விளம்பரம் செய்தால் குளிரும் பக்கத்தில் என்று படிக்க வேண்டும்.

ஹீட்டருக்குத் தனிக் காசு. 2000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் இழுக்கும், கட்டிலோரப் பிளக் 6 ஆம்பியர். அதில் செருகினால் உருகும். பெரிய 16 ஆம்பியர் பிளக் இருந்தால் மட்டும் வாங்கலாம். கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டுவரக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

டிசம்பர் 28

பக்கத்து அறைக்காரரின் கார் முன்கண்ணாடியில் பனிப் படலம். வாளி நிறைய வெந்நீரோடு வந்தார், தடுத்துவிட்டேன். கண்ணாடி விரிசல் விட்டுவிடும். எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் போதும். வெந்நீருக்கு நாம் அலைய, இவர் அதைக் கண்ணாடிக்கு ஊற்றப் போனார்!

டிசம்பர் 29

மூச்சு சீராக இருக்கிறது. குளிர் ஒன்றும் செய்யவில்லை, ஈரம்தான்.

வர்க்கி, ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட், வாங்கியாயிற்று. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு ஊரெல்லாம் அதே போர்டு. மேலே உடைத்தால் ஏடு ஏடாக உதிர வேண்டும், விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. காகிதப் பையில் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்ற வேண்டும். நமுத்தால் எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சிறு தீ.

டிசம்பர் 31, கோத்தகிரி

பாட்டுச் சத்தம் இல்லாத புத்தாண்டு வேண்டுமென்றால் இந்த ஊர்தான். பஸ் நிலையம் பக்கத்தில் எடுத்தால் விடியற்காலை ஹாரன். படகர் இன மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகை நெருங்குகிறது. அன்று உள்ளூர் விடுமுறை, பேரகணிப் பக்கம் வெள்ளை உடுத்திய படகர் கூட்டம் நடந்து வரும், பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அதற்குள் இறங்கிவிட வேண்டும்.

மெத்தை காய்ந்திருக்கிறது. கீசர் 25 லிட்டர்.

ஜனவரி 1

காரில் இறங்குகிறவர்களுக்கு: ஏறிய கியரில் இறங்குங்கள். மேட்டுப்பாளையம் வரை பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே போனால் பாதியில் ரப்பர் கருகின வாடை வரும், பிறகு பிரேக் பிடிக்காது. வாடை வந்ததுமே ஓரம் கட்டி அரை மணி ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

தம்பி போன் செய்தான். பொங்கலுக்குக் கொடைக்கானல். புறங்கை, கட்டிலடிச் சுவர், கீசர் லிட்டர் எல்லாம் சொன்னேன். "அண்ணா, லேக் வியூ ரூம், முழுப் பணமும் நேத்தே கட்டிட்டேனே" என்கிறான்.