ராயபுரம் போய் ஜாஸ் கேட்ட கதை

சென்னை ராயபுரத்தில் ஒரு கல்லூரியில் நடந்த ஜாஸ் கச்சேரியைக் கேட்டுவிட்டு, இன்று காலை ஆறு மணிக்குத்தான் திருச்சியில் வந்து இறங்கினேன். குளித்துவிட்டுப் படுத்தால் காதுக்குள் அந்த டபுள் பாஸ் (ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் மாதிரி தந்தி வாத்தியம்) ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதி முடித்தால்தான் தூக்கம் வரும் போல. எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று இந்த முறையாவது வரிசையாக எழுதச் சொல்லி நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். முயற்சி செய்கிறேன்.

முதலில் பஸ். வெள்ளிக்கிழமை இரவு என்பதால் தனியார் பஸ்ஸில் 950 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள். அந்தக் காசுக்குக் கிடைத்த சீட் பின்னால் சாயவே இல்லை. லீவர் கையோடு வந்துவிட்டது. விக்கிரவாண்டி தாண்டியதும் ஏ.சி. நின்றுபோனது. ஜன்னல் திறக்காத பஸ்ஸில் ஏ.சி. இல்லையென்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்சீட்டில் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டே வந்தது. ஏ.சி. பற்றி பஸ்காரரிடம் கேட்டதற்கு, "இன்னும் ரெண்டு மணி நேரம்தானே சார்" என்று பதில். ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை. அடுத்த முறை அரசு பஸ்தான். கிளாம்பாக்கத்தில் இறங்கி, தாம்பரம் வந்து, 10 ரூபாய் டிக்கெட்டில் மின்சார ரயில் பிடித்து பீச் ஸ்டேஷன். முழுப் பயணத்திலும் நல்ல காற்று வந்தது அந்த 10 ரூபாய்க்குத்தான்.

மண்ணடியில் நண்பனின் அறையில் மதியம் வரை தூங்கினேன். நாலரை மணிக்கு அவன் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கடைக்குக் கூட்டிப்போனான். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் மக்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், சன்னமாக நறுக்கிய கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு வதக்கிய எண்ணெய், மேலே பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டு, எல்லாவற்றையும் கடைக்கார அண்ணன் கையாலேயே பிசைகிறார். அளவு கரண்டி கிடையாது. விரல் நுனியால் ஒரு தடவை தூக்கிப் பார்க்கிறார், இன்னும் கொஞ்சம் புளி விடுகிறார், மறுபடி தூக்கிப் பார்க்கிறார். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப், கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள். முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயத்தை அடைத்துத் தருவது தனி. இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டு 220 ரூபாய். சென்னையில் இந்தக் காசுக்கு இப்படி ஒரு சாப்பாடு வேறெங்கும் நான் சாப்பிட்டதில்லை.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது ஆட்டோ. பீச் ஸ்டேஷனிலிருந்து ராயபுரம் ரயிலில் அடுத்த நிறுத்தம், 5 ரூபாய். அடுத்த ரயிலுக்கு ரொம்ப நேரம் இருந்ததால் ஆட்டோ பேசினேன். 300 என்று ஆரம்பித்து 180-க்கு இறங்கினார். ஏறிய பிறகு, கல்லூரி வரைக்கும் உள்ளே போக முடியாது, ஒன்வே என்று சொல்லி ராயபுரம் ஸ்டேஷன் வாசலிலேயே இறக்கிவிட்டார். நடந்து போய்ப் பார்த்தால் ஒன்வேயும் இல்லை ஒன்றும் இல்லை. ஊர்க்காரன் இல்லை என்று தெரிந்தால் இப்படித்தான் நடத்துவதா? இன்னும் கோபம் ஆறவில்லை.

ஆனால் அந்த ஸ்டேஷன் கட்டடத்தைக் கிட்டே நின்று பார்க்கக் கிடைத்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. முன்பக்கத்து உயரமான தூண்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. ரயில்வே வந்ததால்தான் ராயபுரத்திலும் பெரம்பூரிலும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பெருகின. அவர்கள் வீடுகளில் பியானோ இருந்தது, நடன இரவுகளுக்கு பேண்ட் இருந்தது. ஜாஸ் இந்தப் பக்கத்துக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்று பியானோ வாசித்தவரே பெரம்பூரில் வளர்ந்தவர். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவராம்.

கல்லூரியின் பெயர் வேண்டாம் என்று நண்பன் கேட்டுக்கொண்டான், அதனால் எழுதவில்லை. வெளியாட்களுக்கு 300 ரூபாய். ஆறரைக்கு என்று போட்டுவிட்டு ஏழேகால் வரை பேச்சு, பொன்னாடை, மறுபடி பேச்சு. மேடை ஓரத்தில் மூன்று கலைஞர்களும் நின்றுகொண்டே இருந்தார்கள், ஒரு நாற்காலி போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

இதற்காக நான் ஏன் இவ்வளவு தூரம் வந்தேன் என்று சொல்ல வேண்டும். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் பில் எவன்ஸ் ட்ரையோ (மூன்று பேர் குழு) வாசித்ததன் பதிவை ஆறு வருடமாக ஹெட்போனில் கேட்டு வருகிறேன். பியானோ பில் எவன்ஸ், டிரம்ஸ் பால் மோஷியன், பாஸ் ஸ்காட் லஃபாரோ. பின்னால் கண்ணாடி டம்ளர்கள் மோதுகிற சத்தம்கூடக் கேட்கும். அதில் பாஸ் அடியில் உட்கார்ந்து தாளம் மட்டும் போடாது. பியானோவுக்குச் சரிக்குச் சரி பேசும். அந்த இரவு முடிந்து 11-வது நாள் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. மூன்று பேர் அப்படிப் பேசிக்கொள்வதை ஒரு தடவையாவது நேரில் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கேட்டுவிட்டேன். பாஸுக்கு ஆம்ப்ளிஃபயர் இல்லை. நான் மூன்றாவது வரிசை. தந்தியை அவர் விரலின் பக்கவாட்டுச் சதையால் இழுப்பதும், சுரத்துக்கு முன்னால் தோல் உரசுகிற சின்னச் சத்தமும் தெளிவாகக் கேட்டன. டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டுக் கம்பி பிரஷ்ஷை எடுத்து ஸ்னேர் டிரம் மேல் வட்டமாகத் தேய்த்தார். முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் அப்படியே. பியானோ மெட்டை ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டு, அதே 32 பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாளச் சுற்று) கட்டுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் வேறொன்றைக் கட்டினார். நம் கச்சேரிகளில் ஒரே வரியை விதவிதமாகப் பாடுகிற நிரவல் கேட்ட காதுக்கு இது புதிதே இல்லை. அப்புறம் பியானோவும் டிரம்ஸும் நாலு நாலு பாராக மாறி மாறி வாசித்தபோது, தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்வதுபோல இருந்தது.

என் பக்கத்து சீட்டில் காசிமேட்டுப் பையன் ஒருவன், கானா கச்சேரிகளுக்கு டோலக் வாசிப்பவன். 'டேக் ஃபைவ்' ஆரம்பித்தது. டேவ் புரூபெக்கின் நால்வர் குழுவுக்காக பால் டெஸ்மண்ட் எழுதி 1959-இல் வெளியான உருப்படி. சுற்றுக்கு ஐந்து எண்ணிக்கை. பையன் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "ண்ணா, அஞ்சுதானே இது? அடி வேற எங்கியோ வுழுதே" என்றான்.

நானும் அதே இடத்தில்தான் தடுமாறிக்கொண்டிருந்தேன். கை தன்னால் நம் ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாப்பு போட்டது: தக தகிட. அவர்களோ தகிட தக என்று போகிறார்கள், மூன்று முன்னால், இரண்டு பின்னால். அவன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சுற்று சும்மா இருந்தான். மூன்றாவது சுற்றில் விரல் சரியாக விழுந்தது. அதற்கப்புறம் அந்த உருப்படி முடியும் வரை விடவே இல்லை. முன்வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார். முதலிலிருந்தே கையை உயர்த்தி வீடியோ எடுத்து எல்லோர் கண்ணையும் மறைத்தவர் அவர்தான். அவருக்கு இவனை முறைக்க எந்த உரிமையும் இல்லை.

அரங்கத்தில் பாதி சீட் காலி. எல்லா நல்ல கச்சேரியும் மயிலாப்பூரிலும் ஆழ்வார்பேட்டையிலுமே நடந்தால் இந்தப் பையன் எங்கே போய்க் கேட்பான்? இந்தப் பக்கம் மாதம் ஒன்று வையுங்கள், நான் திருச்சியிலிருந்து வருகிறேன்.

செலவு கேட்டிருந்தீர்கள் இல்லையா, எல்லாம் சேர்த்து 2,200-க்குள் முடிந்தது. திரும்பும்போது அந்தப் பையனே பைக்கில் பீச் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டான். பெட்ரோலுக்கு 100 ரூபாய் நீட்டினேன், கையைக்கூட நீட்டவில்லை. "அந்த நியூயார்க் ரெக்கார்டிங்கை மட்டும் அனுப்புங்கண்ணா" என்றான். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியதும் லிங்க் அனுப்பினேன். மதுராந்தகம் தாண்டும்போது பதில் வந்தது: "பாஸ் அண்ணன் செம. இன்னொண்ணு இருக்கா?"