நிலாவெளி மணலும் நெதர்லாந்தின் கோழி எருவும்

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால் உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையோடு நின்றுவிடுவார்கள். நான் போனது சின்ன வெங்காயத் தோட்டங்களுக்கு. நெதர்லாந்திலும் தமிழ்நாட்டின் நாமக்கல்லிலும் கோழி எரு என்னவாகிறது என்று முன்பே பார்த்திருந்ததால், அதே எரு இந்தக் கரையோர மணலில் என்ன செய்கிறது என்று அறியும் ஆவல் நெடுநாளாக இருந்தது.

நிலாவெளிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் வேலியோரமாக உரப்பைகள் அடுக்கியிருந்தன. தோட்டக்காரப் பெரியவர் ஒரு பையை அவிழ்த்துக் காட்டினார். உமியோடு கலந்த எரு, மேலே பொருக்காகக் காய்ந்திருந்தது. கையை உள்ளே விட்டபோது சூடு தெரிந்தது. அமோனியா நெடி கண்ணைக் கரித்தது. கோழி மாட்டைப் போலச் சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை. அதன் நைதரசன் யூரிக் அமிலமாக எச்சத்தோடு சேர்ந்தே வெளியேறி, ஈரம் பட்டதும் விரைவில் அமோனியாவாக மாறுகிறது. மாட்டெருவை விடக் கோழி எரு வேகமாக வேலை செய்வதற்கும், பச்சையாகப் போட்டால் பயிர் கருகுவதற்கும் காரணம் இதுவே. பெரியவருக்கு இது அனுபவத்தில் தெரிந்திருந்தது. "பச்சை எருவைப் போட்டால் வெங்காயத் தாள் நுனியில இருந்து கருகிக்கொண்டு வரும், தம்பி. ஒரு மழையாவது குடிச்ச எருதான் நல்லது" என்றார்.

மழை குடித்த எரு பயிரைச் சுடாது என்பது உண்மைதான். ஆனால் சுடுகிற சத்துத்தான் பயிருக்கு வேண்டிய சத்தும். மழை அதைக் கழுவிக்கொண்டு மணலுக்குள் இறங்கிவிடுகிறது. அவரிடம் மண்வெட்டியை வாங்கி ஒரு முழ ஆழத்துக்கு வெட்டிப் பார்த்தேன். மேலே நான்கு விரற்கிடை மட்டும் சற்றுக் கறுத்திருந்தது. அதற்குக் கீழே வெறும் வெண்மணல். அந்த மணலுக்கு அடியில் நிற்கும் தண்ணீரைத்தான் பாத்திக்கு இறைக்கிறார்கள். வீட்டுக் கிணற்றில் ஊறுவதும் அதுவே.

நெதர்லாந்தின் சிக்கல் வேறு. அங்கே நிலம் குறைவு, கால்நடை அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் கொண்டுவந்த நைத்திரேற்று (எருவின் நைதரசன் மண்ணில் மாறி நீரோடு கசியும் வடிவம்) விதிகளின்படி, நீர்நிலைகள் பாதிக்கப்படக்கூடிய பகுதிகளில் ஒரு ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 170 கிலோ நைதரசனுக்கு மேல் கால்நடை எருவாக இடக்கூடாது. மணல் நிலத்தில் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எரு இடுவதற்குத் தடைக்காலம் உண்டு. மிஞ்சும் எருவை அகற்றப் பண்ணையாளரே பணம் கொடுக்கிறார். மூர்டைக் என்னும் இடத்தில் 2008 முதல் நாட்டின் கோழி எருவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். பொசுபரசும் பொற்றாசியமும் சாம்பலில் மிஞ்சுகின்றன. மணலுக்கு உயிர் கொடுக்கக்கூடிய சேதனப் பொருளோ எரிந்து போகிறது. இதைச் சொன்னபோது பெரியவர் நம்ப மறுத்தார். வடமேல் மாகாணத்துப் பண்ணைகளிலிருந்து லொறியில் வரும் எருவுக்கு, ஏற்றுக்கூலியோடு சேர்த்து விலை கொடுக்கிறவர் அவர். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு தடைசெய்து, அந்த நவம்பரில் தடையை நீக்கும் வரை, எந்த எருவையும் தேடி அலைந்த காலத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

அமெரிக்காவின் டெல்மார்வா தீபகற்பத்தில் இறைச்சிக் கோழிப் பண்ணைகள் அடர்த்தி. பயிரின் நைதரசன் தேவையைக் கணக்கிட்டு எருவிட்டால் பொசுபரசு தேவைக்கு மேல் சேர்ந்துவிடும். அது மண்ணில் தேங்கி, நீரோடு செசபீக் விரிகுடாவை அடைந்து பாசியைப் பெருக்கியதால், மேரிலாந்து மாநிலம் 1998இல் பசளை இடுவதற்கு முன் திட்டம் வகுப்பதைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. நுவரெலியா மரக்கறித் தோட்டங்களிலும் பொசுபரசுத் தேக்கம் அறியப்பட்டதே. நாமக்கல்லில் நான் பார்த்தது கூண்டுகளுக்கு அடியில் குவியும் முட்டைக்கோழி எச்சம். தீவனத்தின் சுண்ணாம்பு அதிலே நிறைய இருப்பதால் புளிப்பு மண்ணுக்கு அது பொருந்தும்.

நிலாவெளியில் என் கவலை நைத்திரேற்றைப் பற்றியது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலும் கற்பிட்டி மணலிலும் பல கிணறுகளில் அது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனை ஏந்தும் திறன் குறையும். எனவே எருவின் தரத்தை மட்டும் பேசுவது போதாது. அது விழும் மண்ணையும் அடுத்து வரும் மழையையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

பெரியவரும் நானும் கிணற்றுக்கட்டில் இருந்து கணக்குப் போட்டோம். ஐரோப்பிய வரம்பு ஏக்கருக்கு ஏறத்தாழ 69 கிலோ நைதரசன். எருவில் 3 சதவீதம் இருப்பதாக வைத்தால், ஆண்டுக்குச் சுமார் 2,300 கிலோ எரு. கூடுதலாக இறைப்பு நடக்கும் மணலில் முழுவதையும் ஒரே முறை கொட்டுவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. மழைக்கு விடுவதற்குப் பதிலாகத் தறப்பாளால் மூடி, தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்து மாட்டுப்பட்டி எருவோடு கலந்து, கிளறி மக்கவைத்தால் சூடும் தணியும், சத்து மழையில் கழுவிப்போகாமலும் இருக்கும். வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் வெறும் பாத்தியில் போடாமலிருப்பது அதைவிட முக்கியம்.

பாதியை நடுகைக்கு முன்னும் மீதியைப் பயிர் வேர்பிடித்த பின்னும் போட்டுப் பார்க்க அவர் சம்மதித்தார். கிணற்று நீரைச் சோதிக்க எங்கே கொடுப்பது என்று அவர் மருமகள்தான் கேட்டார். வீட்டில் கைக்குழந்தை இருந்தது. ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பி, திகதியை எழுதி ஒட்டி, நகருக்குத் திரும்பும்போது நானே எடுத்துவந்தேன்.