அம்மாவின் நிலாக்கல்லும் நகரத்பேட்டைப் பட்டறையும்

அம்மா கல்யாணத்துக்கு முன்பு காங்கேயத்தில் வாங்கிய நிலாக்கல் ஒன்று, பஞ்சில் சுற்றியபடி பீரோவிலேயே கிடந்தது. அதை என் கையாலேயே மோதிரமாக்கித் தர வேண்டும் என்ற ஆசையில்தான் வேலை கற்கப் போனேன். பெங்களூரில், அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கினால் நகரத்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். ஏழு மாதம், சனிக்கிழமைதோறும் போனேன்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறைதான் பட்டறை. கும்பகோணத்துப் பத்தர் ஒருவரும், வங்காளத்திலிருந்து வந்த பையன்கள் மூன்று பேரும் அங்கே வேலை செய்தார்கள். நான் கல்லை எடுத்து நீட்டியதும் பத்தர், "பைக்குள்ளயே வச்சுக்கம்மா, அதுக்கு இன்னும் நாள் இருக்கு" என்றார்.

ரம்பம் ஓட்டுவதும் அரம் போடுவதும் கை பழகப் பழக வந்துவிட்டன. என்னைப் பாடாய்ப் படுத்தியது பற்றவைப்புதான். வெங்காரத்தைக் குழைத்துத் தடவி, மூட்டில், எளிதில் உருகும் வெள்ளிக் கலவைப் பொடியை வைத்துத் தீயைக் காட்ட வேண்டும். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோமே, அந்தப் பொடி இதுதான் என்பார் பத்தர். நான் தீயை நேராகப் பொடியிலேயே பிடித்தேன். அது உருண்டு திரண்டு நின்றதே தவிர மூட்டுக்குள் இறங்கவில்லை. சூடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பொடி ஓடும். முதலில் மோதிரம் முழுக்கச் சூடேற வேண்டும். இது எனக்குப் பிடிபட ஆறு வாரம் ஆயிற்று. அதற்குள் இரண்டு வளையங்களை உருக்கியே விட்டேன்.

ஒருமுறை, பற்றவைத்த கறையைப் போக்கும் அமிலத் தண்ணீரிலிருந்து மோதிரத்தை இரும்புச் சாமணத்தால் எடுத்தேன், வெள்ளி செம்பு நிறமாகிவிட்டது. 92.5 சதவீத வெள்ளியில் மீதிப் பங்கு பெரும்பாலும் செம்புதான். அது கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தில் கரைந்திருக்கும். இரும்பு உள்ளே போனால் அந்தச் செம்பு வெள்ளியின் மேல் வந்து படிந்துவிடும். பட்டறையில் செம்புச் சாமணம் தனியாக வைத்திருப்பது அதற்காகத்தான்.

கல்லைச் சுற்றி நிற்கும் கூட்டுக்கு மட்டும் 99.9 சதவீத வெள்ளித் தகடு. கலப்பில்லாததால் அது மெத்தென்று மடங்கும். கூட்டின் உயரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. உயரம் கூடினால், விளிம்பைக் கல்லின் மேல் மடக்கும்போது சுருக்கம் விழும், குறைந்தால் கல்லைப் பிடிக்காது. கல் உட்காருகிறதா என்று பார்க்கும் முன் அடியில் ஒரு நூலைக் குறுக்கே போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் இறுகி உட்கார்ந்த கல்லை வெளியே எடுக்க வழியில்லை.

பழகுவதற்காக மலிவு விலையில் மூன்று நிலாக்கல் வாங்கினேன். முதல் கல் பிளந்துவிட்டது. ஒரு பக்கத்தை முழுக்க மடக்கி முடித்துவிட்டு மறுபக்கம் போனதுதான் நான் செய்த தப்பு. நிலாக்கல்லுக்குள் இயல்பாகவே பிளவுபடும் தளங்கள் இரண்டு திசையில் உண்டு. அழுத்தம் ஒரே பக்கம் ஏறினால் தாங்காது. "கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்குன்னு போ. அப்புறம் நடு மூலைங்க" என்று பத்தர் என் கையைப் பிடித்துத் தள்ளிக் காட்டினார். அடுத்த இரண்டும் உடையாமல் உட்கார்ந்தன.

அம்மாவின் கல்லை எடுத்த சனிக்கிழமை, பற்றவைப்பு எல்லாம் முடிந்து மோதிரம் ஆறிய பிறகுதான் கல்லை உள்ளே வைத்தேன். கல் இருக்கும்போது தீ காட்டவே கூடாது. மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி, கடைசியில் மழுங்கிய எஃகுக் கம்பியால் விளிம்பை நீவி முடிக்க மதியமாகிவிட்டது. பத்தர் ஒரு பஞ்சு நூலை விளிம்பைச் சுற்றி இழுத்தார். ஓரிடத்தில் மாட்டியது. ஒன்றும் சொல்லாமல் மோதிரத்தைத் திருப்பித் தந்தார். அந்த இடத்தை மறுபடி நீவிக் கொடுத்தேன். இரண்டாம் முறை நூல் எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது.